ஐபெரி விடாத பால்பல்

அத்-பாஷி

அன்பு மகள் ஜீபெக்குக்கு,

நானும் உன் அம்மாவும் நலம், ஆடுகளும் நலம், உன் மகள் ஐபெரியின் வாய் மட்டும் நலமில்லை. மாஸ்கோவில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் வேலைக்கு நேரமாச்சுப்பா என்று பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதி, நாளை அங்கே கிளம்பும் பக்கத்து வீட்டு எர்மெக் கையில் கொடுத்தனுப்புகிறேன், முழுசாகப் படி.

அவளுடைய கீழ்வரிசை முன்பல் விழாமல் நிற்க, அதன் பின்னாலேயே புதுப்பல் முளைத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் ரெண்டு வரிசைப் பல்லு என்று கேலி செய்கிறார்கள். நூல் கட்டி இழுத்துவிடலாம் என்று உன் அம்மா பக்கத்தில் போனாலே வாயைப் பொத்திக்கொள்கிறாள். ரொட்டியைக்கூடத் தேநீரில் ஊறவைத்துத்தான் தின்கிறாள், கடித்தால் பல் ஆடிவிடுமாம். எல்லாம் உன்னால்தான். நான் வந்து நம்ம வழக்கப்படி என் கையாலேயே பல்லைக் கொழுப்புல சுத்தி நாய்க்குப் போடுறேன், அப்பத்தான் புதுப்பல் நாய்ப்பல் மாதிரி உறுதியா வரும், அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாதுன்னு நீதானே சொன்னாய்? வசந்தத்தில் நூருஸ் பண்டிகைக்கு வருகிறேன் என்றாய், பிறகு புல் அறுப்புக்கு என்றாய், இப்போது பனியே விழுந்துவிட்டது. உன் முதலாளி லீவு தரவில்லை என்பது பல்லுக்குத் தெரியுமா, அது பாட்டுக்கு முளைக்கிறது.

நேற்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பல் டாக்டரம்மா வாயை எட்டிப் பார்த்துவிட்டு, பெரியவரே, இவ்வளவு நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்க, பால்பல்லை எடுத்துட்டா நாக்கே புதுசை முன்னாடி தள்ளிடும், இன்னும் விட்டா கோணலாவே நின்னுடும்னு எல்லார் எதிரிலும் சத்தம் போட்டார். மகள் வந்து நாய்க்குப் போடட்டும் என்று காத்திருக்கிறோம் என்பதை அந்தம்மாவிடம் எந்த முகத்தோடு சொல்வது? குறடை எடுத்ததும் இவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். கெஞ்சினேன், அதட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை, திரும்பி வந்தோம்.

பஸ்ஸில் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அப்படி என்னடி இருக்கு அந்தப் பல்லுல, ஏன் இந்த அடம் என்று கேட்டுவிட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, இது போயிடுச்சுன்னா அப்புறம் அம்மா எதுக்கு வரணும் தாத்தா என்றாள்.

உன் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை, ஆனாலும் உன்மேல் கோபம்தான், மறைக்க மாட்டேன். இது கைக்கு வந்த அன்றே அவளைக் கூப்பிட்டு, பல் இருந்தாலும் போனாலும் வருவேன் என்று உன் வாயால் சொல். தேதி தெரிந்தால் சொல், தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல், இன்னொரு பண்டிகையைச் சொல்லிவிடாதே. மறுநாளே கூட்டிப்போகிறேன். டாக்டரால் பல்லைத்தான் பிடுங்க முடியும், அவள் வாயை நீதான் திறக்க வைக்க வேண்டும்.

ஆண்டவன் உன்னைக் குளிரிலும் நோயிலும் காக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. கூப்பிட மறக்காதே.

உன் அப்பா,
தொக்தோசுன்