உபாங்கிக் கரையில் எண்பது வீடுகள்

குவேக்கர்ஸ் ஹில்
செப்டெம்பர் 4

அன்புள்ள தம்பி சுபாங்கன்,

உன் சுகம் அறிய ஆவல். இரண்டு கிழமையாக ஒரு சத்தமும் இல்லை. தன் பிறந்தநாளுக்கும் மாமா போன் எடுக்கவில்லை என்று மகள் மிருணாளினிக்குக் கோபம்.

உபாங்கி ஆற்றில் நீ அளந்து அனுப்பிய நீர்மட்டங்களை வைத்துத்தான் இங்கே எங்கள் பரமட்டா ஒபிசில் வெள்ளக்கோடு வரைகிறேன். அந்தக் கோட்டுக்கு மேலேதான் உங்கள் கொம்பனி தொழிலாளர் வீடுகளைக் கட்ட வேண்டும். ஒரு சந்தேகம். போன ஒக்டோபரும் அதற்கு முந்திய ஒக்டோபரும் ஒரு சென்ரிமீற்றர் பிசகாமல் ஒன்றாக இருக்கின்றன. ஆறு அப்படி ஓடுமா?

அன்புடன்,
அக்கா சயந்தினி

உபாங்கிக் கரை
செப்டெம்பர் 13

அன்புள்ள அக்கா,

மிருணாளினியைச் சமாதானப்படுத்துங்கள். இங்கே சிக்னல் பிடிக்க மேட்டில் ஏறவேண்டும்; இந்த மின்னஞ்சலையும் அங்கே நின்றுதான் அனுப்புகிறேன்.

உவெலே, ம்போமு என்ற இரண்டு ஆறும் சேர்ந்து உபாங்கியாகி மேற்கே வருகிறது. பாங்கி நகரத்தடியில் தெற்கே திரும்பி, கொங்கோ ஆற்றில் விழப் போகிறது. போகிற வழியில்தான் எங்கள் வளைவு. இவ்வளவு பெரிய ஆறு இரண்டு வருடம் ஒரே மாதிரி ஓடினால் என்ன? எண்கள் சரி. உங்கள் கையெழுத்து வரும் என்று நம்பி அறுபது வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று. வெள்ளக்கோட்டு வரைபடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

தம்பி

செப்டெம்பர் 21

அன்புள்ள தம்பி,

பாங்கியின் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். போன ஒக்டோபரில் அங்கே தண்ணீர் முந்திய வருடத்தைவிட இரண்டு மீற்றர் உயரம். உன் வளைவு அதற்குக் கீழே. அந்தத் தண்ணீர் உன்னிடம் ஏறாமல் எந்த வழியால் போனது?

நேற்றுப் போனில், “உண்மையிலே ஆர் அளந்தது?” என்று கேட்டேன். “லைன் சரியில்லை அக்கா, பிறகு எடுக்கிறன்” என்றாய். எனக்கு உன் குரல் தெளிவாகவே கேட்டது. எழுதியாவது சொல்.

அக்கா

ஒக்டோபர் 2

அக்கா,

போன ஒக்டோபரில் வெள்ளம் ஆற்றில் நட்டிருந்த அளவுகோலை அடித்துக்கொண்டு போனது. நான் மலேரியாவில் கிடந்தேன். எழும்பியதும் முந்திய வருட எண்களைப் பார்த்து எழுதிவிட்டேன்.

இப்போது எண்பது குடும்பமும் குடிவந்துவிட்டது. வெளியே தெரிந்தால் வேலையோடு பேரும் போய்விடும். என்னைத் தூக்கி வளர்த்தவர் நீங்கள். ஒரு கையெழுத்துத்தானே.

புதுக் கோலில் தண்ணீர் நாளுக்கு ஒரு சாண் ஏறுகிறது. வழமையானதுதான் என்கிறார்கள்.

தம்பி

ஒக்டோபர் 4

தம்பி,

கையெழுத்துப் போடவில்லை. உன் கடிதத்தைக் கொம்பனிக்கு அனுப்பிவிட்டேன். உன்னைக் கேட்டிருந்தால் என்னால் அனுப்பியிருக்க முடியாது. அடுத்த மாதம் பரிசீலிப்பார்களாம்.

இன்று பாங்கியில் ஏறிய தண்ணீர் உன்னிடம் வர நாலைந்து நாள்தான் இருக்கிறது. வீடு வீடாகப் போ. சனத்தை மேட்டில் ஏற்று.

அக்கா

ஒக்டோபர் 7

எல்லா வீட்டுக்கும் போனேன். எழுபத்தொரு குடும்பம் மேட்டில். போனால் திரும்ப வீடு கிடையாது என்று முகாமையாளர் வெருட்டியதால் ஒன்பது குடும்பம் அசையவில்லை. தண்ணீர் அவர்களின் படியில் நிற்கிறது.

இனி எனக்கு எழுதவேண்டாம்.

சுபாங்கன்

நவம்பர் 16

அன்புள்ள தம்பி,

நீ மறுமொழி போடாத நாலாவது கடிதம் இது.

இந்த நாட்டிலேயே, கிரான்பர்னில் உன் சிநேகிதன் சுஜீதன் வீட்டுக்கு நீ வந்து மூன்று கிழமையாம். அவன் மனைவி கிரிஜாதான் சொன்னாள். “உங்களோட கதைக்கமாட்டாராம் அக்கா. சாப்பாடும் இறங்குதில்லை” என்றாள். ஒன்பது வீடும் ஆற்றோடு போனதையும், நாலு பேரை இன்னும் காணவில்லை என்பதையும் அவளிடம்தான் அறிந்தேன்.

டிசெம்பர் இரண்டாம் திகதி பரமட்டாவில் இதைப் பற்றி விசாரணை. அந்த எண்களை எழுதியது யார் என்று கேட்பார்கள். உன் பெயரைச் சொல்வேன். எழுபத்தொரு குடும்பத்தை மேட்டில் ஏற்றியது யார் என்று அவர்கள் கேட்கமாட்டார்கள்; அதையும் சொல்வேன்.

அதற்கு முதல் நாளே என் வீட்டுக்கு வந்துவிடு. முன் அறையில் படுக்கை போட்டிருக்கிறேன். உன் வாயால் நீயே சொல்வது நல்லது.

நீ வராவிட்டாலும் நான் சொல்வேன்.

அக்கா