அம்மாவிடம் சொன்ன பிரசங்கம்

ஞாயிறு, இரவு

ஆலயத்துக்குப் போவதை விட்டபின், இருங்காட்டுக்கோட்டையில் என் அறையிலேயே நாலு பேர் பாய் விரித்து ஜெபிக்கிறோம். இன்று கம்பெனியில் என்னோடு லைனில் நிற்கும் மேகலா பேசினாள். "இயேசுகிட்ட அஞ்சு அப்பத்தைக் குடுத்த பையனுக்கும் பசிச்சிருக்கும்லக்கா?"

அவள் முடித்ததும் ஊரிலிருந்து அம்மாவின் போன்.

"கோயிலுக்குப் போனியாட்டி? ஐயரு என்ன பிரசங்கம் பண்ணுனாரு?"

மேகலா சொன்னதை அப்படியே ஆலயத்துப் போதகர் சொன்னதாகச் சொன்னேன்.

"படிச்ச ஐயருல்லா!" என்று மெச்சினாள் அம்மா.

மேகலா எதிரிலேயே இருந்தாள். "வுடுக்கா, அம்மா மனசு நோவக் கூடாதுன்னுதானே சொன்னே?"

இல்லை. ஞானஸ்நானம்கூட எடுக்காத பெண்ணிடம் வசனம் கேட்கிறேன் என்று சொல்ல எனக்குத்தான் கூச்சம்.

கடைசியில் அவள் என் அம்மாவுக்காக ஜெபித்தாள். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். எனக்கு வாய் வரவில்லை.