மூளிச் சிப்பி

1966 மார்ச் 2

காற்று அடங்கியிருந்தது, ஆனால் குளிர் அடங்கவில்லை. வாசல் கற்சுவரில் உறைபனி. அம்மா பார்லிக் கஞ்சியை நின்றபடியே குடித்தாள், பாதி மட்டும். வயிறு நிறைந்தால் கடலில் முங்கும்போது மூச்சு குறையும் என்பாள்.

நான் கரையோரம் பாசியும் நத்தையும் எடுத்தேன். கையிரண்டையும் விரித்தால் ஒரு பாகம்; என் ஆழம் இன்னும் நான்கு பாகம்தான். அம்மா பத்து பாகம் இறங்குவாள். ஈரப் பருத்தி உடுப்போடு கரையேறியதும் பல் கிட்டிக்கொண்டது. கரையேறியவர்கள் குளிர் காயும் நெருப்பு வட்டத்தில் எனக்குப் புகை அடிக்கும் பக்கம். நன்றாக முங்குகிறவர்களுக்குத்தான் காற்று வரும் பக்கம்.

சாயங்காலம் அம்மா தன் அடையாளச் சிப்பியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். அடியில் பாறையில் ஒட்டிய, நல்ல விலை போகும் காதுச்சிப்பி ஒன்று கண்ணில் படுகிறது, அதை இரும்பால் நெம்ப மூச்சு போதாது என்றால், இந்தச் சின்னச் சிப்பியை மினுங்கும் பக்கம் மேலே தெரிய அதனருகில் வைத்துவிட்டு ஏறிவிட வேண்டும். அடுத்த மூச்சில் இறங்கும்போது தூரத்திலேயே மின்னும். எவள் வைத்தாளோ அந்தக் காதுச்சிப்பி அவளுக்கு. வேறு யாரும் தொடமாட்டார்கள்.

அம்மாவுடையதில் ஓரம் உடைந்திருக்கும். நான் நடை பழகும்போது கல்லில் போட்டு உடைத்ததாம். வேறொன்று துளைத்துத் தருகிறேன் என்று அப்பா இன்றும் சொன்னார்.

"மூளியானா மின்னாதா? எம்புள்ள ஒடச்சது. இதப் பாத்தாதான் மேல ஒருத்தி காத்துக்கிட்டு இருக்கான்னு ஞாபகம் வரும்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துரும்னு மூடியே வச்சிருக்கா பாரு" என்று சிரித்தாள். புனியும் சேர்ந்து சிரித்தாள். ஆறு வயதுத் தங்கைக்குக்கூட நான் கேலிப்பொருள்.

மார்ச் 5

அம்மா கடலிலிருந்து வரவில்லை. அவளுடைய சுரைக்குடுக்கை மிதவை மட்டும் மாட்டுமுதுகுப் பாறைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது.

மார்ச் 6

பாசிக் கூட்டத்துக்குள் கிடந்தாளாம். அப்பா தூக்கி வந்தார். தலைத்துணியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அம்மாவின் முடியை அவிழ்ந்த கோலத்தில் நான் பார்த்ததே இல்லை.

மார்ச் 12

இன்று மறுபடி கடலுக்குப் போனேன். போகாமல் எப்படி? பானையில் பார்லி இல்லை.

நெருப்பு வட்டத்தில் தல்லே அம்மா பேசினாள். எங்கள் கரையில் அவள்தான் மூத்தவள். அம்மாவுக்குப் பக்கத்தில் எப்போதும் முங்கியவளும் அவள்தான். நான் இருப்பது தெரிந்தும் பேசினாள்.

"கடைசியா எறங்குறதுக்கு முன்னாடி தலைத்துணிய இறுக்கிக் கட்டுனா. அந்த மூளிய உள்ள சொருகுனா. 'இன்னும் ஒண்ணு, அப்புறம் வீடு'ன்னா. கடல்ல நின்னுக்கிட்டு இன்னும் ஒண்ணுன்னு சொல்லலாமா? அவளுக்கு எப்பவும் இன்னும் ஒண்ணு வேணும்."

யாரும் மறுக்கவில்லை. தண்ணீர் மூச்சு என்று ஒருத்தி முணுமுணுத்தாள். மூச்சு தீர்ந்த பிறகும் ஆசையில் கையை நீட்டினால், கடைசியில் தண்ணீரைத்தான் மூச்சாக இழுக்க வேண்டியிருக்கும். புதிதாக முங்கும் பெண்களை அதைச் சொல்லித்தான் மிரட்டுவார்கள். இனி அம்மாவின் பெயரைச் சொல்லி மிரட்டுவார்கள்.

நான் குனிந்துகொண்டேன். புகையில் கண் எரிந்தது நல்லதாகப் போயிற்று.

அம்மா, அப்படி என்ன பெரிய சிப்பி அது? எங்களைவிடவா? விட்டுட்டு வந்திருக்கலாம்ல. வந்திருக்கலாம்ல அம்மா.

மார்ச் 19

தனியாக முங்கக் கூடாது, ஒருத்தி துணை வேண்டும். எனக்கு யாரும் வரவில்லை. என் வயதுக்காரி ஒருத்தி எல்லோர் காதிலும் விழச் சொன்னாள்: "எனக்கு ஏதாவது ஆனா இவ வாயத் தொறந்து கத்துறதுக்குள்ள நான் செத்து மெதந்துருவேன்." எல்லோரும் சிரித்தார்கள். அவள் சொல்லாமல் விட்டது பேராசைக்காரி மகள் என்பதை. அதுவும் எனக்குக் கேட்டது.

இடுப்பளவுத் தண்ணீரில் பாசி அறுத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 27

மழை. புனி அம்மாவின் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 9

ஆன்மாவை அழைக்கும் பூசை இன்றுதான் நடந்தது. அதுவரை மாட்டுமுதுகுப் பாறைப் பக்கம் யாரும் இறங்கக் கூடாது. சாமியாடி கிண்ணத்தில் அரிசி போட்டு, துணியால் வாயைக் கட்டி, கயிற்றில் கடலுக்குள் இறக்கினாள். மேலே இழுத்துப் பிரித்தபோது அரிசியில் ஒரு முடி இருந்தது. வந்துவிட்டாள் என்று எல்லோரும் அழுதார்கள்.

அம்மாவின் குரலில் சாமியாடி பேசினாள். குளிர்கிறது, புனிக்குச் சோறு ஊட்டுங்கள் என்றாள். அப்பா மணலில் நெற்றி படக் கிடந்தார். நான் கேட்க நினைத்ததை யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

ஏப்ரல் 14

பாறைப் பக்கம் இப்போது இறங்கலாம். இருந்தாலும் மற்றவர்கள் தள்ளியே முங்குகிறார்கள். நான் போனேன். தல்லே அம்மா பார்த்தாள். தன் மிதவையைக் கொஞ்சம் என் பக்கமாக நகர்த்திக்கொண்டாள்.

அம்மா கடைசியாகப் பார்த்தது எது என்று எனக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான். ஆறு பாகத்தில் காதுக்குள் ஊசி குத்தியது, திரும்பிவிட்டேன். கீழே பழுப்புப் பாசி முழுக்க ஒரே பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. அடி தெரியவில்லை.

ஏப்ரல் 21

இன்றைக்கு என் எழுத்து கோணல்.

இன்று தண்ணீர் தெளிவு. மூன்றாவது மூச்சில் பாசியை விலக்கிக்கொண்டு அடிவரை போய்விட்டேன். குளிர் நெற்றியை நெரித்தது. பாறைக்குக் கீழே ஒரு பிளவு. அதன் வாசலில் கறுப்புக் கடல் முள்ளெலிகள், கையளவு கடல் அட்டை ஒன்று. எட்டுக்கால் பேய்க்கணவாய் ஒன்று என்னைக் கண்டு நிறம் வெளுத்து உள்ளே ஒடுங்கியது. அது நகர்ந்த இடத்துக்குப் பின்னால் காதுச்சிப்பி. சோற்றுத்தட்டு அகலம். முதுகில் பாசி முளைத்துப் பாறையோடு பாறையாக இருந்தது. இரும்பு பட்ட கீறல்கூட அதன் மேல் இல்லை.

அதன் பக்கத்தில், புரளாமல் இருக்க ஒரு கூழாங்கல்லை அணை கொடுத்து, சின்னதாக ஏதோ இருந்தது. வழுக்கலாக அழுக்குப் படிந்திருந்தது. கட்டைவிரலால் தேய்த்தேன்.

மின்னியது. ஓரம் உடைந்திருந்தது.

எடுக்கவில்லை. எடுத்துக்கொண்டு போனால் யார் நம்புவார்கள்? மேலே வந்து மூச்சுகூட விடாமல் கத்தினேன். "பெரியம்மா! இங்க வாங்க! வாங்க!" அது என் குரலா என்று எனக்கே தெரியவில்லை. கரையில் இருந்தவர்கள்கூட எழுந்து நின்றார்களாம்.

தல்லே அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நீந்தி வந்தாள். கீழே கை காட்டினேன். இறங்கினாள். வெகுநேரம் வரவில்லை. நான் மிதவையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன். வந்தபோது, மேலே வந்து மூச்சை விடுகையில் எப்போதும் நீளமாக வரும் அவள் சீழ்க்கை இரண்டாக உடைந்து வந்தது. கையில் ஒன்றுமில்லை.

"மூளிதான்டி" என்றாள். "எறங்கும்போது அவ தலையிலதான் இருந்துச்சு. நான் என் கண்ணால பாத்தேன். அப்ப... வச்சுட்டுத் திரும்பியிருக்கா."

அலை எங்கள் இருவரையும் தூக்கி இறக்கியது.

"மூச்சு பத்தாதுன்னு தெரிஞ்சு வச்சுட்டுத் திரும்பியிருக்கா, யோன்சில். ஏறுற வழியில என்ன ஆச்சோ, குளிர்தான் பிடிச்சுச்சோ. நான் அப்ப அடியில இருந்தேன். எனக்கு ஒண்ணும் கேக்கல."

நெருப்பு வட்டத்தில் காற்று வரும் பக்கம் தன்னருகே என்னை உட்காரவைத்தாள். கண்டதை எல்லோரிடமும் சொன்னாள். தான் முன்பு சொன்னது தப்பு என்றும் சொன்னாள். அவ்வளவு பெரியதை ஏன் விட்டுவிட்டு வந்தீர்கள் என்று யாரோ கேட்டார்கள்.

"ஆள் வச்ச சிப்பிய எடுக்க நான் என்ன திருடியா?" என்றாள் தல்லே அம்மா. 

ஏப்ரல் 22

அப்பாவிடம் சொன்னேன். மூளிச் சிப்பியா என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்.

நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. இத்தனை நாள் அம்மா மேல் கோபமாவது இருந்தது. இரவில் அதைப் பிடித்துக்கொண்டு தூங்கினேன். இப்போது அதுவும் இல்லை. அம்மா வந்துகொண்டிருந்தாள். எங்களிடம்தான் வந்துகொண்டிருந்தாள். பாதி வழி வந்திருப்பாளா? மேலே வெளிச்சம் தெரிந்திருக்குமா?

மே 10

தல்லே அம்மா என் துணையாக முங்குகிறாள். பாறைக்கு அடியில் யாரும் கை வைக்கவில்லை. இன்று எனக்கு இரண்டு கடல் அட்டை கிடைத்தது. புனி தொட்டுப் பார்த்துவிட்டு அலறினாள்.

ஜூன் 3

காலையில் என் தலைத்துணிக்குள் ஒரு சின்னச் சிப்பி இருந்தது. புதிதாகத் துளையிட்டு நூல் கோத்து, சாம்பலால் தேய்த்திருந்தது. அப்பா கொல்லையில் வேலையாக இருப்பதுபோல நின்றார். அதை அப்படியே தலைத்துணிக்குள் சொருகிக்கொண்டு கிளம்பினேன்.

பாறைக்கு அடியில் போனேன். அம்மாவின் காதுச்சிப்பி அதே இடத்தில் இருந்தது. நீ எடுக்கலாம், மகளுக்கு உரிமை உண்டு என்று தல்லே அம்மா சொல்லியிருந்தாள். அம்மாவுக்குப் படைக்க வேண்டும் என்று எனக்கும் ஆசை. இரும்பை அதன் அடியில் கொண்டுபோனேன். மூச்சுக்கு நெஞ்சு ஒரு தடவை இழுத்தது. இன்னும் கொஞ்சம் நேரம் இருந்திருந்தால் சிப்பி கையோடு வந்திருக்கும்.

மூளிச் சிப்பியைத் தேய்த்து மினுக்கினேன். பக்கத்தில் என்னுடையதை வைத்தேன். ஏறிவிட்டேன்.

சாப்பிடும்போது அப்பா என் வலைப்பையைப் பார்த்தார். "கெடைக்கலயா?"

"பாத்தேன்ப்பா. மூச்சு பத்தல. வச்சுட்டு வந்துட்டேன்."

அப்பா கரண்டியைக் கீழே வைத்தார். சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே போனார். திரும்பி வர நேரமாயிற்று. பாசி சூப் ஆறிப்போனது. புனியும் நானும் தொடாமல் காத்திருந்தோம்.