என் அளவில் தைத்த வீரன்

பீர்க்கன்கரணை
12.1.2001

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மகள் இஃப்ராவும் நலம். வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? கேட்டால் பதில் வராது, ஆனாலும் கேட்கிறேன். கான்ட்ராக்டை மறுபடி நீட்டித்துவிட்டதை உங்கள் தம்பி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

நம் ஏரிக்கரையில் டி.வி. சீரியல் எடுக்கிறார்கள். ராஜா காலத்து வாள்சண்டைக் கதை. ஏரிதான் கடல். கப்பலில் கேமராவுக்குத் தெரிகிற பாதி மட்டும் இருக்கிறது, மறுபாதி வெறும் சவுக்குக் கட்டை. தாம்பரத்து விமானம் தலைக்கு மேல் போனால் சண்டையை நிறுத்திவிட்டு டீ குடிக்கிறார்கள்.

உடைகள் தைப்பது நான். முகமூடி வீரனாக நடிப்பவர் அளவு கொடுக்க வரவேயில்லை. ‘ஒல்லியாத்தான் கீறாரும்மா, சும்மா தச்சுடு’ என்றார் மேனேஜர். வேறு வழியில்லாமல் என் உடம்பில் வைத்துப் பார்த்தே தைத்துவிட்டேன்.

உங்கள்,
ஷம்சாத்

ஷார்ஜா
17.3.2001

அன்புள்ள ஷம்சாத்துக்கு,

வ அலைக்கும் ஸலாம். வெள்ளிக்கிழமை சீரியல் ஆரம்பித்தால் எங்கள் அறையில் பேச்சு மூச்சு கிடையாது. பாதிக் கப்பல் எப்படி ஆடுகிறது? வாள் இரும்பா? அந்த ‘டங்’ சத்தம் எங்கிருந்து வருகிறது?

வீரன் முதலில் கட்டிப்போட்ட மாதிரி நின்றான். இப்போது சுழன்று அடிக்கிறான், நான் விசில் அடிக்கிறேன். அவன் என்ன சாப்பிடுகிறான் என்று கேட்கச் சொன்னார் பக்கத்துக் கட்டில் சம்பந்தம்.

அன்புடன்,
உஸ்மான்

பீர்க்கன்கரணை
2.4.2001

அன்புள்ள மச்சானுக்கு,

கப்பல் ஆடுவதில்லை, கேமராவைத்தான் ஆட்டுகிறார்கள். வாள் வெறும் பலகை, மேலே வெள்ளித்தாள். சத்தம் பிறகு சேர்ப்பது. தோசைக்கல்லில் கரண்டியால் அடிக்கிறார்கள்.

வீரன் சாப்பிடுவது நேற்று வைத்த மீன் குழம்பு. அந்த வீரன் நான்தான்.

நான் தைத்த சட்டையில் அந்த நடிகரால் கையைத் தூக்க முடியவில்லை. தூக்கினால் அக்குள் கிழியும். கோபித்துக்கொண்டு போய்விட்டார். சீரியல் ஓட ஆரம்பித்துவிட்டதால் உடையை மாற்ற முடியாது. அவருக்குப் பதிலாக வந்தவர் யாருக்கும் சட்டை நுழையவில்லை. கிழிசல் தைக்க ஓரமாக உட்கார்ந்து பார்த்ததில் சண்டை அடவுகள் எல்லாம் எனக்குப் பாடமாகியிருந்தன. ‘நீயே போட்டுக்கோம்மா’ என்றார் டைரக்டர் ஸ்ரீநிவாசராகவன் சார். குரல் மட்டும் வேறொருவர்.

உங்கள்,
ஷம்சாத்

ஷார்ஜா
20.4.2001

அன்புள்ள ஷம்சாத்துக்கு,

கோபப்படுவதா சிரிப்பதா என்று எனக்கே தெரியவில்லை. இத்தனை நாள் உனக்கா விசில் அடித்தேன்? அறையில் யாரிடமும் சொல்லவில்லை. சீரியலில் நீ ஏறுகிற குதிரை உதைக்குமா? பலகை வாள் பட்டால் வலிக்குமா?

முகமூடி இருக்கிறவரை எனக்கு ஆட்சேபம் இல்லை. முகம் மட்டும் தெரியவேண்டாம். நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள்.

உஸ்மான்

பீர்க்கன்கரணை
14.5.2001

மச்சானுக்கு,

குதிரை சாது. வாழைப்பழத்துக்காக என் பையை மோப்பம் பிடிக்கும். வாள் பட்டால் வலிக்கத்தான் செய்கிறது.

கடைசி வாரம் வீரன் முகமூடியைக் கழற்ற வேண்டுமாம். அதற்கு மட்டும் வேறு ஆளை வைத்துக்கொள்ளலாம் என்றார் சார். ‘வேணாம் சார், நானே கழட்டுறேன்’ என்றேன். அந்தக் காட்சியை எடுத்தும் ஆயிற்று.

உங்களைக் கேட்கவில்லை. கான்ட்ராக்டை நீட்டித்தபோது நீங்களும் என்னைக் கேட்கவில்லை. பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் வருத்தமில்லை. ஜூன் 15 வெள்ளிக்கிழமை வரும். பிடிக்காவிட்டால் சேனலை மாற்றிவிடுங்கள். பார்த்தால் மனதில் பட்டதை மறைக்காமல் எழுதுங்கள்.

ஷம்சாத்

ஷார்ஜா
16.6.2001

என் ஷம்சாத்துக்கு,

மாற்றிவிடலாம் என்று ரிமோட்டைக் கையிலேயே வைத்திருந்தேன். முகமூடி கழன்றது. நெற்றியெல்லாம் வியர்வை. நீ சிரித்தாய்.

‘இன்னாப்பா இது, பொம்பளையா?’ என்றார் சம்பந்தம்.

‘எம் பொண்டாட்டி’ என்றேன்.

யாரும் நம்பவில்லை. பெட்டியைத் திறந்து நம் நிக்காஹ் போட்டோவை எடுத்துக் காட்டினேன். சம்பந்தம் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, ‘இதுல வேற மாதிரி கீறாங்களே’ என்றார்.

எனக்கும் அப்படித்தான் இருந்தது ஷம்சாத். நீ இப்போது எப்படி இருக்கிறாய் என்பது அந்த அறையில் அவர்களுக்கும் எனக்கும் ஒரே நேரத்தில்தான் தெரிந்தது. அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை.

காலையில் எங்கள் கம்பெனி மேனேஜரைப் பார்த்து ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

உன்,
உஸ்மான்