கீழ்க்கப்பில் மிச்சமிருந்த பச்சை

மதினி,

இன்று காலை நீங்கள் பீரோவுக்குப் பெயிண்ட் அடிக்கும் ஸ்பிரே கன்னைப் பிரித்தேன். தின்னர் வாசம் முகத்தில் அடித்தது. கழுவித் துடைத்து உங்கள் பழைய சேலைத் துணியில் நீங்களே சுற்றி வைத்ததுதான். அதன்பிறகு படுத்த நீங்கள் எழுந்திருக்கவே இல்லை. துணியைக் கொஞ்ச நேரம் மடியிலேயே வைத்திருந்தேன்.

உங்கள் மகள் கல்யாணத்துக்கு வெள்ளிக்கிழமை சீர் போகிறது. பீரோவைக் கடையில் வாங்கிவிடலாம் என்றார் அண்ணன். அவள் கேட்கவில்லை. "எங்கம்மா பட்டறையில இருந்துதான் போகணும். நீங்க அடிங்க அத்தை" என்று சொல்லிவிட்டாள். நீங்கள் இல்லாமல் நான் ஒரு பீரோவையும் முழுசாக அடித்ததில்லை. காரியாபட்டி மாப்பிள்ளை வீட்டார் விரலால் தடவிப் பார்ப்பார்களே என்று பயம்.

நமக்குள் சண்டை என்றால் கன்னுக்காகத்தான். உங்களுடையதில் கப் கீழே தொங்கும், பெயிண்டை உறிஞ்சும். ஒரு தடவை ஊற்றினால் கதவு முழுக்க வரும். ஆனால் கை கடுத்துவிடும், தட்டுக்கு அடியில் சாய்த்தால் காற்றைக் குடித்துத் துப்பும். என்னுடையதில் கப் மேலே, பெயிண்ட் தானாக இறங்கும். இண்டு இடுக்கெல்லாம் போகும். ஆனால் அண்ணாந்து அடித்தால் மூடி வழியாக நெற்றியில் சொட்டும். "உனக்குப் பொட்டு வச்சுவிடத்தான் அந்தக் கன்னு" என்பீர்கள். அண்ணன் வாங்கிவந்த கரண்டு கன்னை மட்டும் இரண்டு பேரும் சேர்ந்தே திட்டினோம். இரும்பு கேட்டுக்குச் சரி, பீரோவில் வேர்க்குரு மாதிரி புள்ளி போடும்.

பந்தல்குடி ரோட்டோரப் பட்டறையில் புழுதிக்கா பஞ்சம்? தரையில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கிவிட்டோம் என்று ஒருநாள் தைரியமாக அடித்தோம். பருத்தி லோடு லாரி போனது. பஞ்செல்லாம் பறந்துவந்து ஈரப் பெயிண்டில் ஒட்டிக்கொண்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்கள் தள்ளி நின்று பார்த்தீர்கள்.

"பீரோவுக்கு மீசை மொளச்சிருச்சுத்தா. மாப்ள வீட்டுக்கு ஒரு சீப்பும் சேத்துக் குடுத்துருவோம்."

இன்று ரோட்டுப் பக்கம் ஈரச் சாக்கைக் கட்டிவிட்டுத்தான் தொடங்கினேன். உள் தட்டெல்லாம் என் கன்னில் அடித்தேன். வெளிப்பக்கத்துக்கு உங்களுடையதை எடுத்தேன். "நிக்காத, நின்னா பெயிண்டு வழியும்" என்பீர்களே, அதையே முணுமுணுத்துக்கொண்டு பீரோவைச் சுற்றி நடந்தேன். வழியவில்லை மதினி. சாயங்காலம் உங்கள் மகள் வந்து பீரோக் கதவில் முகம் பார்த்தாள். என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

உங்கள் கப்பில் குழாய்க்கு எட்டாமல் கொஞ்சம் பெயிண்ட் எப்போதும் அடியில் நிற்கும். வீணாகப் போகிறதே என்று நான் குத்திக்காட்டுவேன். நீங்கள் அதைப் பட்டறைக் கதவில் ஒரு தீற்று தீற்றிவிடுவீர்கள். எந்த ஊருக்குப் போன பீரோவும் அந்தக் கதவில் நிறமாக இருக்கிறது. இன்றும் கொஞ்சம் பச்சை நின்றது. உங்கள் மகளைக் கூப்பிட்டு அவள் விரலாலேயே தீற்றச் சொன்னேன்.

கன்னைக் கழுவி, அதே சேலைத் துணியில் சுற்றி வைத்துவிட்டேன். அடுத்த பீரோவுக்கு எடுக்க வேண்டும்.