மேசைக்காரி

சேசு மரி சூசை துணை

சிங்காநல்லூர்,
9-2-1936

என்மேல் உயிரையே வைத்திருக்கும் தாமஸ் அண்ணனுக்கு, தங்கை அமலி தோத்திரம் சொல்லி எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. ஆனாலும் பூசைக்கு நடந்துதான் போவேன் என்று பிடிவாதம். கொழும்பில் மழை ஓய்ந்ததா?

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் வைத்தியசாலையில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டீர்களாம். தபசுகாலம் முடிந்து பாஸ்குத் திருநாளுக்கு வரும்போதும் அப்படியே இருந்தால் கதவைப் பூட்டிவிட்டு என்னைக் கன்னியர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்த்துவிடப் போகிறீர்களாம். அந்தக் கோள் சொன்ன மகராசன் யார் அண்ணா? இன்றைக்கு வந்து பார்க்கச் சொல்லுங்கள். வாசலில் செருப்பு விட இடமில்லை.

ஆனால் கார்த்திகை வரைக்கும் ஈ ஓட்டியது நிஜம்தான். அதை மறைப்பானேன்? கொழும்பில் ஒரு வெள்ளைக்கார டாக்டரின் அறையைப் பார்த்துவிட்டு, தங்கைக்கும் அதேபோல் இருக்க வேண்டும் என்று ஆசை ஆசையாக அனுப்பினீர்கள். ஆளை விழுங்குகிற தேக்கு மேசை, சுழல் நாற்காலி, கண்ணாடி பீரோ எல்லாம் வந்து இறங்கின. ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. "கலெக்டர் கச்சேரியாட்ட இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வைத்தியத்துக்குத்தான் ஆள் இல்லை.

வந்த இரண்டொரு பெண்களும் நாற்காலியில் உட்காரமாட்டார்கள். பெரியவங்க முன்னால உக்காரலாமுங்களா என்று நின்றுகொண்டே இருப்பார்கள். நம் ஊர் மரியாதை உங்களுக்குத் தெரியாததா? மேசைக்குப் பின்னால் இருப்பவர் எதைக் கேட்டாலும் மறுத்துச் சொல்ல நா எழாது. ராத்திரி தூக்கம் வருகிறதா என்றால் "செரிங்க". வரவில்லையா என்றால் அதற்கும் "செரிங்க". எங்காவது வலிக்கிறதா என்று கேட்டால் மட்டும் "ஒண்ணுமில்லீங்க டாக்டரம்மா". நானும் படித்த படிப்பையெல்லாம் வைத்துக்கொண்டு அதை நம்பி மருந்து எழுதினேன்.

கார்த்திகை மாதம் நாச்சியம்மாள் என்று ஒரு தோட்டத்துப் பெண் வந்தாள். தலைப்பிள்ளைக்காரி, மாசம் ஏழு. தலைவலி உண்டா, கண் மங்குகிறதா, கால் வீங்குகிறதா என்று வரிசையாகக் கேட்டேன். ஒண்ணுமில்லீங்க, ஒண்ணுமில்லீங்க, ஒண்ணுமில்லீங்க. சந்தோஷமாக டானிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துக் கொல்லைப்பக்கம் போனால், அவள் பூவரச மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு நம் வாசல் பெருக்கும் பொன்னாத்தாளிடம் பேசிக்கொண்டிருந்தாள். தலை வெடிக்குதாம். விளக்கைப் பார்த்தால் சுற்றிலும் வளையம் வளையமாகத் தெரியுதாம். நீட்டியிருந்த கால்களைப் பார்த்தேன் அண்ணா. வீங்கிப்போய்க் கொலுசு சதைக்குள் புதைந்திருந்தது. உள்ளே என் எதிரில்தான் அவ்வளவு நேரம் நின்றாள். உங்கள் மேசை அந்தக் கால்களை மறைத்துவிட்டது.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. விமலா அண்ணியும் நிறைமாசத்தில் கோயமுத்தூரில் அந்தப் பெரிய டாக்டரின் மேசைக்கு முன்னால் நின்று ஒண்ணுமில்லீங்க என்றுதானே சொன்னார்கள்? நீங்களும் நானும் வெளியே பெஞ்சியில் உட்கார்ந்து, ஒன்றுமில்லையாம் என்று சிரித்துக்கொண்டே மிட்டாய் வாங்கிக்கொண்டு வீடு வந்தோம். மறு வாரம் ஜன்னி கண்டு போன அண்ணியையும் குழந்தையையும் ஒரே பெட்டியில் வைத்துக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். வைத்தியசாலைக்கு அண்ணியின் பெயரை வைத்து வாசலில் எழுதிவிட்டு, உள்ளே அதே மேசையையா போட்டு வைப்பேன்?

அங்கேயே நாச்சியம்மாள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பதறி எழப்போனாள். கையைப் பிடித்து உட்கார வைத்து, அதே கேள்விகளை மறுபடி கேட்டேன். எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அன்றைக்கே உள் அறையில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுக்க வைத்தேன். வெளிச்சம் படாமல் ஜன்னலை மூடி, உப்பை நிறுத்தி, ஊசி போட்டுப் பூப்போலப் பார்த்துக்கொண்டேன்.

அந்த வாரமே ஐயாசாமி ஆசாரியைக் கூப்பிட்டு முன்னறையைத் தலைகீழாக்கினேன். அண்ணன் பார்த்துப் பார்த்து வாங்கின சாமானாச்சே என்று அம்மா ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள். ஆசாரி தாடையைத் தடவிக்கொண்டு, கச்சேரியாட்ட இருந்தாத்தானுங்களே டாக்டருக்குக் கெவுரவம் என்றார். கெவுரவம் என் மருந்தில் இருந்தால் போதும் என்றேன்.

இப்போது அறை எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன், திட்டாமல் படியுங்கள். தரை முழுக்கப் பவானி ஜமக்காளம். எனக்கு ஒரு மணைப்பலகை, வருகிறவளுக்கும் அதே உயரத்தில் ஒன்று. உத்தரத்தில் ஒரு தூளி, கைக்குழந்தையை அதில் போட்டுவிட்டு அம்மா நிம்மதியாகப் பேசலாம். மறைப்புக்குச் சென்னிமலைப் போர்வை. வெள்ளைச் சுவரின் அடியில் காவிப் பட்டை. அதற்காக உங்கள் நவநாகரிகத்தை விரட்டிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். பீங்கான் தொட்டியும் குழாயும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. கரண்டு விளக்கின் வயரை நீளமாக்கி, தரையில் உட்கார்ந்தவள் முகத்துக்கு நேராக இறக்கியிருக்கிறேன். கண்ணாடி பீரோவை மணைக்குப் பக்கத்தில் வைத்தேன். மருந்தைப் பார்ப்பதைவிட அதில் தலைமுடியைத் திருத்திக்கொள்கிறவர்கள்தான் அதிகம். போன வாரம் மில் மேனேஜரின் மனைவி காரில் வந்தாள். சுழல் நாற்காலியைக் காட்டினேன். ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, கீழேயே சௌகரியமுங்க என்று இறங்கி வந்துவிட்டாள்!

மேசை எங்கே என்கிறீர்களா? கதவையே கழற்றித்தான் அதை உள் அறைக்குள் நுழைத்தோம், இனி அது பிரசவ மேசை. மேலே தகடு போர்த்தி ஆணி அடித்தாயிற்று. ஆமாம், உங்கள் தேக்கில்தான் அடித்தேன். திட்டுவதைத் திட்டிவிடுங்கள். தை பிறந்ததும் நாச்சியம்மாளுக்கு வலி எடுத்தது. இவ்வளவு உசரத்துல ஆராவது புள்ளை பெறுவாங்களா என்று அவள் மாமியார் காளியாத்தாள் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். நாச்சியம்மாள்தான் வலியோடு வலியாக, டாக்டரம்மா சொன்னாச் செரிங்க அத்தை, தள்ளுங்க என்றாள். அந்தச் "செரிங்க"வைக் கேட்க நான் ஒரு வருஷம் காத்திருந்தேன் அண்ணா.

மத்தியான மில் சங்கு ஊதியது, குழந்தையும் கத்தியது. எது சங்கு எது குழந்தை என்று தெரியாமல் பொன்னாத்தாள் குதித்தாள். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் கல்லுக்குண்டாக இருக்கிறார்கள். கதவை மறித்த காளியாத்தாளேதான் இப்போது சூலூர் வரைக்கும் ஆள் கூட்டி அனுப்புகிறாள். ஜாதகத்தில் என்ன பேரோ தெரியாது, ஊர் முழுக்க அந்தக் குழந்தைக்கு "மேசைக்காரி" என்றுதான் பெயர். ஆக, நீங்கள் அனுப்பிய மேசை வீணாகவில்லை. முன்னறையில் இருந்தபோது கால்களை மறைத்தது, உள் அறைக்குப் போய் இரண்டு உயிரைத் தாங்கியது.

கன்னியர் ஆஸ்பத்திரிக்கு நான் வரவில்லை என்று எழுதிவிடுங்கள். மனவருத்தம் வேண்டாம். ஆனால் பாஸ்குத் திருநாளுக்கு நீங்கள் கட்டாயம் வர வேண்டும். அண்ணி போனதிலிருந்து நீங்கள் எழுதுகிற ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் "எனக்கு ஒன்றுமில்லை, சுகம்" என்றுதான் இருக்கிறது. டாக்டர் தங்கையிடம் இனி அது செல்லாது. ஷூவை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து, என் எதிரில் ஜமக்காளத்தில் உட்காருங்கள். மேசைக்காரியை உங்கள் மடியில் வைக்கிறேன். அப்புறம் சொல்லுங்கள் அண்ணா, எங்கே வலிக்கிறதென்று.

தேவமாதா உங்களைக் காப்பாளாக.

உங்கள் வரவுக்கு வழி பார்த்திருக்கும்,
அமலி