பதினான்கு வெற்று அழைப்புகள்

மார்ச் 9, ஞாயிறு, காலை 10.40. மொத்த அழைப்புகள் 31.

அக்காவுக்கு,

நலம். நீயும் நலமென்று வைத்துக்கொள்கிறேன். நீ வேலைக்குப் போயிருக்கும் நிவாரண முகாமுக்கு வாரம் ஒரு தபால்தான் என்றால், விசாரித்துப் பதில் வருவதற்குள் நலமே மாறிவிடும்.

நேராக விஷயம். "நம்ம சங்கக் கிளைக்குப் போய் அந்த போனை மட்டும் பாத்துக்கடா" என்றாய். மனம் விட்டுப்போன சமூகப் பணியாளர் இன்னொரு சமூகப் பணியாளரிடம் பேச ஓர் எண். வரும் அழைப்பை இணைத்துக் கொடுத்தது டேப் ஒட்டிய ஓர் ஓட்டைப் பெட்டி. தூக்கிக் கடாசினேன். நானே ஒன்று செய்து வைத்தேன். இன்றோடு ஒரு மாதம். பதினைந்து விநாடி எதிர்முனையில் பேச்சில்லை என்றால், பழுதான இணைப்பென்று தானே துண்டித்துவிடும். இதற்குமுன் உங்கள் ஆட்கள் வெற்று லைனைக் காதில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பார்களாம்! கேட்டால் செயலாளரம்மா, "அது அப்படித்தான் தம்பி" என்கிறார்.

31இல் 14 வெற்று. அறிக்கையைப் பார்த்த பொருளாளர், "பதினேழு பேருக்கு எதுக்கு ஒரு லைன்? அடுத்த கூட்டத்துல மூடிடலாம்" என்கிறார். கணக்கு அப்படி. என்மேல் கோபப்படாதே.

தம்பி

மார்ச் 16

என் அவசரக்குடுக்கைக்கு,

சாப்பிட்டாயா என்று ஒரு வரி கேட்டிருக்கலாம். போகட்டும்.

பெட்டி செய்தது எனக்குப் பெருமைதான். தண்ணீர் வரிசையில் முன்னே நின்றவளிடம்கூடச் சொன்னேன். ஆனால் அந்தப் பதினான்கும் பழுதில்லையடா. நாள் முழுக்க ஊரார் துக்கத்தைக் கேட்டவர்களுக்குத் தம் துக்கத்தைச் சொல்ல வாய் வராது. எண்ணை அழுத்துவார்கள், அவ்வளவுதான் முடியும். அழைத்தவர் வைக்கும்வரை நாம் வைக்கக் கூடாது என்பது நம் கிளையின் வழக்கம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அழைத்தேன். அந்தப் பக்கம் செயலாளரம்மா துணி மடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. மறுநாள் வேலைக்குப் போனேன்.

எட்டாம் தேதி இங்கே ஒரு குழந்தையை அதன் அம்மாவிடம் சேர்க்க முடியாமல் போயிற்று. முகாம் போன் சனிக்கிழமை மட்டும்தான். வரிசையில் நின்று நம் எண்ணை அழைத்தேன். "இருக்கேன், சொல்லுங்க" என்றது ஒரு குரல். எனக்கு வாய் வரவில்லை. லைன் போய்விட்டது. அவர்களும் வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அன்றே ராஜினாமா எழுதினேன். இன்னும் கொடுக்கவில்லை.

உன் பதினான்கில் ஒன்று நான்.

அக்கா

மார்ச் 23, ஞாயிறு, மாலை 6.15. துண்டித்தவை: 0.

அக்கா, சாப்பிட்டாயா?

உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். உட்கார முடியவில்லை. துண்டிக்கும் கட்டளையை எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதை எடுப்பதற்குள் எத்தனை பேரை வெட்டிவிட்டேன்.

இன்று கூட்டம். எழுந்து சொன்னேன்: "அந்தப் பதினாலும் ஆளுங்க. என் பெட்டிதான் வெட்டிச்சு. ஒருத்தர் யாருன்னு எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்."

பொருளாளர் கண்ணாடியைக் கழற்றினார். "பேசாதவங்களையும் சேத்தா முப்பத்தொண்ணா?"

"ஆமா சார்."

"அதை முதல்லயே சொல்றதுக்கென்னய்யா!" லைன் தொடரட்டும் என்று முதலில் உயர்ந்ததே அவர் கைதான்.

வெளியே வரும்போது செயலாளரம்மா, "யாருன்னு சொல்லாம நின்னே பாரு, அப்பவே நீ நம்ம ஆளு" என்றார். என் படிப்புக்குச் சங்கத்தில் உறுப்பினராக முடியாது. ஆனாலும் வீட்டுக்கு வரும்வரை கால் தரையில் பாவவில்லை. எங்கக்கா போனைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள் என்று சிநேகிதர்களிடம் கிண்டலடித்தவன் நான். இனி சொல்லிப் பார்க்கட்டும் எவனாவது.

உன் அவசரக்குடுக்கை

இனி செய்யப்போவது:

1. கேட்கும் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தாயிற்று, ஒழுங்காகப் போவது. சனிக்கிழமை முறை எனக்கு, செயலாளரம்மா பக்கத்தில் இருப்பார்.

2. துணி மடிக்கப் பழகுவது. அம்மா சிரிக்கிறாள்.

3. உன் ராஜினாமாவைப் பற்றி வாய் திறக்காமலிருப்பது. கொடு, கிழி, உன் இஷ்டம்.

4. சனிக்கிழமை நீ அழைத்தால் எடுப்பது. நீ பேச வேண்டாம். நீ வைக்கும்வரை நான் வைக்க மாட்டேன்.